கல்லும் சரிவுமான காணியில் வீட்டுத் தோட்டம்

றொசல்ல, வட்டவளைப் பக்கத்தில் தோட்டம் போடுபவர்கள் செடியைப் பற்றி நினைக்குமுன் மழையைப் பற்றி நினைக்க வேண்டும். வட்டவளையில் ஆண்டுக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கிறது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதையும், 2025 நவம்பரில் டித்வா புயலின்போது மலையகம் எங்கும் மண் சரிந்ததையும் நாம் மறக்க முடியாது. அப்படி இடம்பெயர்ந்து வந்த குடும்பத்துக்கு 7 பேர்ச் காணி கிடைத்தால், அது ஏறக்குறைய 1,900 சதுர அடி. வீடும் பாதையும் போக மிஞ்சுவதில் பாதி கல், மீதி சரிவு.

நமது மலை எரிமலை மண் அல்ல. மிகப் பழைய பாறை மக்கி உண்டான மண். கோப்பிக் காலம் தொட்டு அதன் மேல்மண் ஆற்றோடு போய்க்கொண்டிருக்கிறது. ஆகவே வீட்டுக்கு அத்திவாரம் வெட்டும்போது கறுத்த மேல்மண்ணைத் தனியே குவித்து வையுங்கள். பலர் அதன்மேல் செம்மண்ணைக் கொட்டிவிட்டு, பிறகு போஞ்சி காய்க்கவில்லை என்கிறார்கள்.

அடுத்தது கான். தேயிலை மலையில் கான் வெட்டிய பெரியவர்கள் வீட்டிலேயே இருப்பார்கள், அவர்களைக் கேளுங்கள். ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. தேயிலைக் கானில் தண்ணீர் தேங்கி ஊறுவதற்காக இடையிடையே மண் தடுப்பு விடுவார்கள். வீட்டுக்கு மேலே அப்படி விடக்கூடாது. அங்கே ஊறும் நீர் சரிவைக் கனமாக்கும். தண்ணீர் மெதுவாக ஓடி, அயலவர் காணியில் விழாமல், பொதுக் கானில் சேர வேண்டும்.

வாட்டம் 120 அடிக்கு ஓர் அடி போதும். இதை அளக்க, ஏழு அடித் தடிகள் இரண்டை உச்சியில் கட்டி, கால்களை ஐந்தடி அகலத்துக்கு விரித்து, நடுவே குறுக்குத் தடி கட்டுங்கள். உச்சியிலிருந்து கயிற்றில் ஒரு கல்லைத் தொங்கவிடுங்கள். கயிறு குறுக்குத் தடியைத் தொடும் இடத்தைக் குறியுங்கள். கால்களை இடம் மாற்றி வைத்து மீண்டும் குறியுங்கள். இரண்டு குறிக்கும் நடுவே கயிறு நின்றால் அது சமமட்டம். இனி, தண்ணீர் போகும் பக்கத்துக் காலின் அடியில் அரை அங்குலப் பலகைத் துண்டை அறைந்தால், ஒவ்வொரு எட்டுக்கும் சரியான வாட்டம் கிடைக்கும். செலவு எதுவுமில்லை.

பொறுக்கிய கற்களால் சீமெந்து இல்லாமல் கல்கட்டுக் கட்டுங்கள்: அடி அகலமாக, மலைப் பக்கம் சாய்ந்து, மூன்றடிக்கு மேற்படாமல். இடுக்குகளால் தண்ணீர் கசிய வேண்டும். புதைந்து கிடக்கும் பெருங்கல்லைத் தோண்டாதீர்கள். மேலே உள்ள மண்ணை அதுவே தாங்கிக்கொண்டிருக்கலாம். அதன் ஓரத்துக் குழி மண்ணில் சௌ சௌ கொடி நன்றாக வரும்.

பிலிப்பைன்ஸின் மிண்டனாவோ தீவில் 1970களில் ஹரல்ட் வாட்சன் என்ற பப்டிஸ்ற் மிஷனரி, மலை விவசாயிகளுடன் சேர்ந்து ஒரு முறையைச் செய்து பார்த்தார். சமமட்டக் கோட்டில் அவரைக் குடும்பத்து மரங்களை வேலிபோல் நெருக்கி நட்டு, அடிக்கடி வெட்டி, தழையைப் பயிருக்கு இட்டார்கள். கழுவி வரும் மண் வேலியில் தங்கி, காலப்போக்கில் படியாகியது. நமக்கு கிளிறிசிடியா பொருந்தும். சிறிய காணிக்கு இரண்டு வரிசை போதும். வீட்டுக்கு மேலே உயர்ந்து கனக்கும் மரம் வேண்டாம், மானாப் புல்லோ வெட்டிவேரோ போதும். இவற்றை மே மாத மழைக்கு முன் வேர்பிடிக்கும்படி நடுங்கள்.

தேயிலை நின்ற மண் புளிப்பானது. மரக்கறிக்குச் சில வாரம் முன்பே டொலமைட் தூவிக் கொத்துங்கள். அதே நாளில் யூரியா போட வேண்டாம்.

மட்டமான வாயுள்ள, நேர்ப்பக்கமான உயர்ந்த தகரப் பேணி ஒன்றை முற்றத்து வெளியில் வையுங்கள். 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர், அதாவது மூன்று அங்குலம், சேர்ந்தால் விழிப்பாக இருங்கள். நான்கு அங்குலம் என்றால் புறப்பட ஆயத்தமாகுங்கள். ஆறு அங்குலம் என்றால் வீட்டை விட்டு வெளியேறுங்கள். நிலத்தில் வெடிப்பு, சாய்ந்த மரம், திடீரெனக் கலங்கிய ஊற்று கண்டால் அளவு பார்த்து நிற்க வேண்டாம். பேணியை நாள்தோறும் காலையில் ஒரே நேரத்தில் கவிழ்த்து வையுங்கள்.