வெண்பனிக்கு அடியில் ஒரு கால்வாய்

மேற்கு லண்டனில் சவுத்தால், ஆல்பர்ட்டன் பகுதிகளைத் தொட்டுச் செல்கிறது கிராண்ட் யூனியன் கால்வாயின் பேடிங்டன் கிளை. ஈழத் தமிழர்கள் நிறையப் பேர் வாழும் வட்டாரம் அது. இரவெல்லாம் வெண்பனி கொட்டித் தீர்த்த ஒரு ஜனவரிக் காலையில் அந்தக் கரைப்பாதையில் இறங்கினால், எப்போதும் கேட்கும் சாலை இரைச்சல் பாதியாக அடங்கியிருக்கும். புதிதாக விழுந்த வெண்பனியில் 90 சதவீதத்துக்கும் மேல் காற்றுதான். படிகங்களுக்கு இடையே உள்ள நுண்துளைகளில் ஒலி அலைகள் புகுந்து, உராய்ந்து, வலுவிழந்துவிடுகின்றன.

இந்தக் கிளை திறக்கப்பட்டது 1801-ல். கரையை ஒட்டியுள்ள பாதை மனிதர்களுக்காகப் போட்டதல்ல. படகுகளைக் கயிற்றால் இழுத்துச் சென்ற குதிரைகளுக்காகப் போட்டது. நீரில் உராய்வு மிகக் குறைவு என்பதால் சுமார் 25 டன் சரக்கு ஏற்றிய படகை ஒரே குதிரை இழுத்துவிடும். இந்தக் கிளையோடு இணையும் ரீஜன்ட்ஸ் கால்வாயில், லண்டன் விலங்குக் காட்சிசாலைக்கு அருகே மேக்கிள்ஸ்ஃபீல்டு பாலம் இருக்கிறது. அதன் இரும்புத் தூண்களைத் தடவிப் பாருங்கள். ஈரமும் மணலும் ஏறிய கயிறுகள் ஆண்டுக்கணக்கில் உரசி அறுத்த பள்ளங்கள் கைக்குத் தட்டுப்படும். 1874-ல் வெடிமருந்து ஏற்றிவந்த படகு ஒன்று அடியில் வெடித்ததில் பாலம் தகர்ந்தது. திரும்பக் கட்டியபோது அதே தூண்களைத் திருப்பி நிறுத்தினார்கள். அதனால் பழைய பள்ளங்கள் ஒரு பக்கமும், பிறகு விழுந்தவை மறுபக்கமும் இருக்கின்றன.

இப்போது தண்ணீரைப் பார்ப்போம். ஆறு உறையாத குளிரிலும் கால்வாய் உறைந்துவிடும். காரணம், அதில் நீரோட்டம் இல்லை என்றே சொல்லலாம். ஆழமும் பெரும்பாலும் ஒன்றரை மீட்டருக்குள்தான். தண்ணீர் 4 டிகிரி செல்சியஸில்தான் அதிக அடர்த்தி பெறுகிறது. குளிர்ந்த மேல்நீர் அந்த வெப்பநிலையை எட்டும்வரை கீழே இறங்கிக்கொண்டே இருக்கும். மொத்த நீரும் 4 டிகிரிக்கு வந்த பிறகு, அதைவிடக் குளிர்ந்த நீர் லேசாகி மேலேயே தங்கி உறைகிறது. ஆழமான ஏரியில் இதற்கு வாரக்கணக்கில் ஆகும். ஆழம் குறைந்த கால்வாய்க்குச் சில குளிர் இரவுகள் போதும்.

அப்படி உறைந்த தெளிந்த பனிக்கட்டியின் மீது, வெண்பனி விழுவதற்கு முன், ஒரு கூழாங்கல்லை வீசினால் சற்றுத் தொலைவில் பறவை கீச்சிடுவதுபோல் கேட்கும். பனிக்கட்டித் தகட்டில் உயர் அதிர்வெண் அலைகள் வேகமாகவும் தாழ்ந்தவை மெதுவாகவும் ஓடுவதால், ஒரே தட்டல் ஒலி இழுபட்டுக் கீச்சொலியாகிறது.

வெண்பனி விழுந்ததும் கதை மாறுகிறது. குளிரின் அடையாளமாக நாம் நினைக்கும் வெண்பனிதான் கால்வாயைக் குளிரிலிருந்து காக்கிறது. பனிக்கட்டி தடிக்க வேண்டுமானால், அடியில் உறையும் நீர் வெளிவிடும் வெப்பம் மேலேறிக் காற்றுக்குப் போக வேண்டும். புதுவெண்பனி வெப்பத்தைக் கடத்தும் திறன் பனிக்கட்டியின் திறனில் ஏறத்தாழ 20-ல் ஒரு பங்குதான். அதாவது 5 சென்டிமீட்டர் வெண்பனி, ஒரு மீட்டர் தடிமனுள்ள பனிக்கட்டிக்கு இணையாக வெப்பத்தை மறிக்கிறது. கம்பளி போர்த்திய மாதிரி அடியில் உள்ள பனிக்கட்டி மெல்லியதாகவே நிற்கிறது. கனடாவின் ஒட்டாவா நகரில் ரிடோ கால்வாயில் 7.8 கிலோமீட்டருக்குச் சறுக்குத்தளம் அமைப்பவர்களுக்கு இது அன்றாடப் பாடம். திறப்பதற்குச் சுமார் 30 சென்டிமீட்டர் தடிமனுள்ள நல்ல பனிக்கட்டி வேண்டும் என்பதால், விழும் வெண்பனியை அவ்வப்போது அகற்றுகிறார்கள். 2022-23 குளிர்காலம் அதற்கும் இடம் தராத அளவு மிதமாகிப் போனது. 1970-களின் தொடக்கத்திலிருந்து நடந்துவந்த தளம் அந்த ஆண்டுதான் முதன்முறையாகத் திறக்கப்படவே இல்லை.

வெண்பனியின் பாரத்தில் பனிக்கட்டி சற்று அமிழ்ந்தால், விரிசல் வழியே நீர் மேலேறி வெண்பனியை நனைத்து உறையும். காற்றுக்குமிழிகள் நிறைந்த இந்த வெள்ளைப் பனிக்கட்டிக்குத் தெளிந்த பனிக்கட்டியின் பாதி வலுதான் உண்டு. பாலங்களுக்கு அடியில் இன்னும் மோசம். திறந்த வானத்தின் கீழ் நீர் தன் வெப்பத்தை அகச்சிவப்புக் கதிர்களாக இழந்துகொண்டே இருக்கும். பாலத்தின் செங்கல் வளைவோ அதில் ஒரு பகுதியைத் திருப்பித் தருகிறது. அதனால்தான் கால்வாய் முழுக்க உறைந்த நாளிலும் வாத்துகள் பாலத்தடியில் கூடுகின்றன. மீன்கொத்திக்குத்தான் பெரும்பாடு, நீர் மூடிக்கொண்டால் அதற்கு இரையே இல்லை. உறைந்த நிலை நீண்டால் மீன்களுக்கும் ஆபத்து. மேலே கிடக்கும் வெண்பனி ஒளியை மறைப்பதால் நீர்த்தாவரங்கள் ஆக்சிஜன் தருவது நின்றுபோகிறது.

பழைய நாட்களில் இதே பனிக்கட்டியை உடைக்கத் தனிப் படகுகள் இருந்தன. நடுவில் நீளக் கம்பி ஒன்று இருக்கும். ஆட்கள் அதைப் பிடித்துக்கொண்டு படகை இரு பக்கமும் ஆட்ட, பல குதிரைகள் சேர்ந்து முன்னால் இழுக்கும். 1962 டிசம்பர் 26-ல் தொடங்கிய வெண்பனியிடம் எந்த வித்தையும் பலிக்கவில்லை. 1963 ஜனவரியில் மத்திய இங்கிலாந்தின் சராசரி வெப்பநிலை மைனஸ் 2.1 டிகிரி. மார்ச் தொடக்கம்வரை சரக்குப் படகுகள் நின்ற இடத்திலேயே சிறைப்பட்டன; படகிலேயே குடும்பம் நடத்தியவர்களுக்கு வருமானம் அற்றுப்போனது. நிலக்கரிக்குக் காத்திருந்த வாடிக்கையாளர்கள் லாரிக்கும் ரயிலுக்கும் மாறினார்கள். ஏற்கெனவே தேய்ந்துகொண்டிருந்த தொழில் அது. அந்த ஆண்டிலேயே அரசு நிறுவனம் தன் குறும்படகுப் போக்குவரத்தில் பெரும்பகுதியை நிறுத்திவிட்டது. ஒன்றரை நூற்றாண்டு கண்ட ஒரு வாழ்முறைக்கு இப்படி முடிவு வந்ததை என்னால் வெறும் வானிலைச் செய்தியாகப் படிக்க முடியவில்லை.

இன்று லண்டன் கால்வாயின் கரைப்பாதையில் குதிரைகள் இல்லை. நடப்பவர்களும் சைக்கிள்காரர்களும் குழந்தைகளும்தான். உங்கள் பிள்ளைகளோ பேரப்பிள்ளைகளோ அந்த ஊர்களில் இருந்தால் இதைச் சொல்லிவையுங்கள்: வெண்பனி மூடிய கால்வாயில் ஒரு காலைக்கூட வைக்க வேண்டாம், நாய் விழுந்தாலும் பின்னால் இறங்க வேண்டாம். யாராவது விழுந்துவிட்டால் 999-ஐ அழைத்துத் தீயணைப்புத் துறையைக் கேட்க வேண்டும். உதவி வரும்வரை கரையில் படுத்தபடி கயிறோ மரக்கிளையோ நீளமான துணியோ நீட்டலாம்.