டீக்கடையில் விஞ்ஞானி



புதுக்கோட்டை மாவட்டத்துக் கந்தர்வக்கோட்டை டீக்கடை பெஞ்சில் முந்திரி விலையிலிருந்து தேர்தல் வரை அலசாத விஷயம் இல்லை. அதே பெஞ்சில் ஒரு விஞ்ஞானி வந்து உட்கார்ந்தால்?

இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் 1998-இல் டங்கன் டல்லாஸ் என்ற தொலைக்காட்சித் தயாரிப்பாளர் இதைத்தான் செய்தார். இடம் மட்டும் மதுக்கூடம்! விஞ்ஞானி கொஞ்ச நேரம்தான் பேசுவார். கோப்பையை நிரப்பிக்கொள்ள ஓர் இடைவேளை. அப்புறம் முழுக்கக் கேள்விகள். யார் வேண்டுமானாலும் கேட்கலாம், எதை வேண்டுமானாலும் கேட்கலாம். 2013-இல் பிரிட்டனில் தொடங்கிய ‘பைண்ட் ஆஃப் சயின்ஸ்’ விழா, மதுக்கூடப் பேச்சைப் பல நாடுகளுக்குக் கொண்டுபோனது.

நம் நாட்டில் மது டீயாக மாறியது, நல்லதாகப் போயிற்று. மும்பையின் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையம் 2009 முதல் ‘சாய் அண்ட் ஒய்’ நிகழ்ச்சியை நடத்துகிறது. ஜுஹூ பிருத்வி தியேட்டரில், ஞாயிற்றுக்கிழமை காலையில், அனுமதி இலவசம். பள்ளிப் பிள்ளைகள் கேட்கிற கேள்விக்குப் பேராசிரியரே சற்று யோசித்துத்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும். சென்னைக் கணித அறிவியல் நிறுவனமோ ‘சயின்ஸ் அட் த சபா’ என்று மியூசிக் அகாடமிக்கே அறிவியலைக் கொண்டுபோனது. கச்சேரி கேட்கிற இடத்தில் கணிதம்!

ஜனங்கள் இருக்கிற இடத்துக்குப் பாடம் போவது புதுக்கோட்டை மாவட்டம் பார்க்காததா என்ன? 1991-இல் ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்து அறிவொளி எழுத்தறிவு இயக்கத்தில், கல்குவாரிப் பெண்கள் எழுத்தோடு சைக்கிளும் கற்றார்கள். கற்றுக்கொடுத்தவர்கள் சம்பளம் வாங்காத தொண்டர்கள்.