'கரண்ட்' வைக்கச் சொல்லிட்டாங்களா? பாதியில நிறுத்திடாதீங்க!

"அம்மாவுக்குக் கரண்ட் வைக்கணுமாம்..." கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் வந்த வீடுகளில், நோயின் பெயரைவிட இந்த வார்த்தைக்குத்தான் பயம் அதிகம். ஷாக் அடிக்குமோ, உடம்பு கருகிவிடுமோ என்று தூக்கம் தொலைப்பவர்கள் உண்டு. உண்மையில், உடம்பில் மின்சாரம் பாய்வதே இல்லை. எக்ஸ்ரே எடுப்பதுபோல அசையாமல் படுத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். சில நிமிடங்களில் முடிந்துவிடும், வலிக்காது. வீட்டுக்கு வந்து பேரக்குழந்தையைத் தாராளமாகத் தூக்கிக் கொஞ்சலாம்.

நோய் கர்ப்பப்பை வாயைத் தாண்டிப் பக்கத்துத் திசுக்களில் பரவியிருந்தால், கதிர்வீச்சுதான் முக்கிய சிகிச்சை. வாரத்துக்கு 5 நாள் வீதம் சுமார் 5 வாரம் வெளியிலிருந்து கொடுப்பார்கள். கூடவே பெரும்பாலும் வாரம் ஒருமுறை கீமோ. அடுத்து, பிராக்கிதெரபி எனும் உள் கதிர்வீச்சு. வலி தெரியாமலிருக்க மருந்து கொடுத்து, பிறப்புறுப்பு வழியாகக் குழாய்களை வைத்து, கட்டிக்கு வெகு அருகிலேயே கதிர்வீச்சைச் செலுத்துவார்கள். சில தவணைகளில் இது நடக்கும்.

சிக்கல் இந்த இடத்தில்தான். உள் கதிர்வீச்சு தொடங்கும் முன்பே பலருக்கு ரத்தப்போக்கு குறைந்துவிடும். 'அதான் சரியாயிடுச்சே' என்று ஊருக்குக் கிளம்பிவிடுகிறார்கள். பிள்ளைகளின் பரீட்சை, வயல் வேலை, தினசரி பஸ் செலவு என நம் பெண்களுக்குக் காரணங்களா இல்லை? ஆனால், மிச்சமிருக்கும் கட்டியை அழிப்பதே அந்த உள் கதிர்வீச்சுதான். மொத்த சிகிச்சையும் 8 வாரத்துக்குள் முடிய வேண்டும். நாள் தள்ளிப்போகப் போக, நோய் கட்டுக்குள் வரும் வாய்ப்பும் குறையும்.

வயிற்றுப்போக்கு, நீர்க்கடுப்பு, அசதி வரலாம். மருத்துவரிடம் சொன்னால் மருந்து தருவார். நீங்களாகவே லீவு எடுக்காதீர்கள். செலவுதான் தடை என்றால், முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் பற்றி மருத்துவமனையிலேயே விசாரியுங்கள்.

யாரும் வாய்விட்டுக் கேட்காத ஒன்றும் உண்டு. (எழுதும் எனக்கே கொஞ்சம் தயக்கம்தான்!) சிகிச்சைக்குப் பிறகு பிறப்புறுப்பின் உட்பகுதி குறுகி, உலர்ந்துபோகலாம். தாம்பத்தியம் மட்டுமல்ல, பிற்காலப் பரிசோதனைகளும் சிரமமாகும். இதைத் தடுக்க டைலேட்டர் என்ற சிறு சாதனமும் க்ரீம்களும் இருக்கின்றன. இளம் வயதினருக்கு மாதவிடாய் நின்றுபோகலாம், கருத்தரிக்க முடியாமல் போகலாம். குழந்தை வேண்டும் என்ற எண்ணம் இருந்தால், முதல் நாள் சிகிச்சைக்கு முன்பே அதை மருத்துவரிடம் பேசிவிடுங்கள். கணவரையும் கூடவே உட்கார வையுங்கள்.