தையல் அறையில் பிறந்த பெண்கள் வேதக் கல்லூரி



இராயபுரத்திலிருந்து பாரிமுனைக்குச் செல்லும்போது நம்மில் பலர் மண்ணடியைக் கடந்திருப்போம். அங்கே பவளக்காரத் தெரு என்றொரு தெரு உண்டு. கடல் கடந்து பவளம் கொண்டுவந்து, நம் நாட்டு வைரங்களை வாங்கிச் சென்ற யூத வணிகர்களின் நினைவைத் தாங்கி நிற்கும் தெரு அது. 1688ஆம் ஆண்டில் சென்னை மாநகராட்சி அமைக்கப்பட்டபோது அதன் 12 ஆல்டர்மென்களுள் மூவர் யூத வணிகர் என்றால் வியப்பாக இல்லையா? அவர்கள் சென்றுவிட்டார்கள், தெருவின் பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

பழைய ஏற்பாட்டை நமக்குப் பாதுகாத்துத் தந்த மக்கள் யூதர். அவர்களை மதித்து, அவர்களோடு உரையாட வேண்டும் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் நமக்கு நினைவூட்டியது. அம்மக்களின் பெண் பிள்ளைகள் எவ்வாறு வேதம் கற்கிறார்கள்? அதைச் சற்றுப் பார்ப்போம்.

செமினரி என்றவுடன் நமக்குப் பூந்தமல்லிக் குருமடம் நினைவுக்கு வரும். யூதப் பெண்களின் செமினரி அத்தகையதன்று. அங்கே குருத்துவமும் இல்லை. துறவற வாக்குறுதியும் இல்லை. உயர்நிலைப் பள்ளி முடித்த 18 வயதுப் பெண்கள் ஓரிரு ஆண்டுகள் ஒன்றாகத் தங்கி, மறைநூலையும் சமயச் சட்டத்தையும் கற்பிக்கும் கலையையும் பயிலும் இல்லமே அது. பின்னர் அவர்கள் ஆசிரியைகளாகவும் இல்லத்தரசிகளாகவும் வாழ்வைத் தொடங்குகிறார்கள்.

இன்று இது எளிதாகத் தோன்றுகிறது. நூறு ஆண்டுகளுக்கு முன் அப்படி இல்லை. யூத ஆண் பிள்ளைகள் சிறு வயது முதலே வேதபாடசாலை சென்றனர். பெண்ணுக்கோ, தாயின் மடியும் அடுப்பங்கரையுமே போதும் என்று ஐரோப்பாவின் யூத சமூகங்களில் பெரும்பாலோர் எண்ணினர். ஆனால் காலம் மாறிற்று. அரசாங்கப் பள்ளிகளில் பெண்கள் இலக்கியமும் வரலாறும் கற்றனர். கேள்வி கேட்கத் தொடங்கினர். தங்கள் சமயத்தைப் பற்றிக் கேட்டபோது மட்டும் பதில் சொல்ல ஆள் இல்லை. ஆகவே பலருடைய உள்ளத்தில் பக்தி வற்றியது. சிலர் முன்னோரின் வழியையே விட்டு விலகினர்.

இதைக் கண்டு மனம் வருந்தியவர் ஒரு தையற்காரப் பெண். போலந்து நாட்டுக் கிராக்கோவ் நகரில் 1883இல் பிறந்த சாரா ஷெனிரர் என்பவர் அவர். தம்மிடம் உடை தைக்க வரும் பெண்கள் அளவு சிறிதும் பிசகக் கூடாது என்று எவ்வளவு கவலைப்படுகிறார்கள் என்பதை அவர் நாள்தோறும் கண்டார். உடலுக்கு இத்தனை அக்கறை காட்டும் இவர்களின் ஆன்மாவுக்கு ஆடை தைப்பவர் யார் என்ற எண்ணம் அவரை விடவில்லை.

1914இல் முதல் உலகப் போர் மூண்டது. சாரா வியன்னா நகருக்கு அகதியாகச் சென்றார். அங்கே ஒளி விழாக் காலத்தில் ஒரு ராபி ஆற்றிய மறையுரை அவர் வாழ்வைத் திருப்பியது. அந்த உரையின் பொருள் என்ன தெரியுமா? தன் ஊரைப் பகைவரிடமிருந்து காப்பாற்றிய யூதித்து! நம் விவிலியத்தில் தனி நூலாக உள்ள அந்த வீரப் பெண்ணின் கதை யூதரின் திருநூல் தொகுப்பில் இல்லை. எனினும் ஒளி விழாவில் அவர்கள் அவளை நினைவுகூர்வர். "நம் பெண்களும் இதைக் கேட்க வேண்டுமே!" என்ற ஏக்கம் சாராவின் உள்ளத்தில் விதையாக விழுந்தது.

ஊர் திரும்பி, முதலில் வளர்ந்த பெண்களிடம் பேசிப் பார்த்தார், பயன் கிட்டவில்லை. ஆகவே சிறுமியரிடம் திரும்பினார். பெல்ஸ் ஊர் ராபியின் ஆசி பெற்று, 1917இல் தம் தையல் அறையிலேயே 25 சிறுமியருடன் பள்ளியைத் தொடங்கினார். 'பேத் யாக்கோபு', அதாவது 'யாக்கோபின் வீடு' என்பது அதன் பெயர். சீனாய் மலையில் இறைவன் மோசேயிடம் யாக்கோபின் வீட்டாருக்குச் சொல்லுமாறு கட்டளையிட்டார் அல்லவா? அங்கே யாக்கோபின் வீட்டார் என்பது பெண்களையே குறிக்கும் என்பது பழைய யூத உரையாசிரியர்களின் விளக்கம். இந்தப் பெயருக்குள் எவ்வளவு பெரிய வாதம் அடங்கியிருக்கிறது, பாருங்கள்!

மற்ற ஊர்களும் பள்ளி கேட்டன. ஆசிரியைகளுக்கு எங்கே போவது? சாரா தம் மாணவியருள் சிலரையே, அவர்கள் இளம் பருவத்தினராய் இருந்தபோதே, ஆசிரியைகளாக அனுப்பி வைத்தார். அவர்களைப் பயிற்றுவிக்க எழுந்ததே செமினரி. 1931இல் கிராக்கோவின் ஸ்டானிஸ்லாவா தெருவில் அதற்கெனப் பெரிய கட்டடம் திறக்கப்பட்டது. 1935இல் சாரா இறந்தபோது பள்ளிகள் இருநூறைத் தாண்டியிருந்தன. பெற்ற பிள்ளை இல்லாத அவரை மாணவியர் 'நம் அன்னை சாரா' என்று போற்றினர்.

பின்னர் வந்தது பெருங்கொடுமை. 1939இல் நாசிப் படைகள் போலந்தினுள் புகுந்தன. பள்ளிகள் மூடப்பட்டன, ஆசிரியைகளும் மாணவியரும் பெருந்தொகையாகக் கொல்லப்பட்டனர். சாராவின் கல்லறை இருந்த இடுகாட்டின் மீதே வதைமுகாம் ஒன்று எழுப்பப்பட்டது. ஆனால் அவருடைய மாணவியருள் தப்பியவர்கள் நியூயார்க்கிலும் எருசலேமிலும் பள்ளிகளைத் தொடர்ந்தனர். இங்கிலாந்தில், போர் நடந்துகொண்டிருந்த 1944ஆம் ஆண்டிலேயே, கேட்ஸ்ஹெட் நகரில் யூத ஆசிரியைப் பயிற்சிக் கல்லூரி ஒன்று தோன்றியது. டைன் நதிக்கரையில் நிலக்கரியும் தொழிற்சாலையும் சூழ்ந்திருந்த ஊர் அது. எண்ணூர்ப் புகையையும் துறைமுகச் சங்கொலியையும் அறிந்த நமக்கு அந்த ஊர் அந்நியமாகத் தோன்றாது!

செமினரியில் ஒரு நாள் எப்படிக் கழியும்? கண் விழித்ததும், உயிரைத் திருப்பித் தந்ததற்கு இறைவனுக்கு நன்றி கூறும் சிறு செபம். பின் காலை மன்றாட்டு. வகுப்பில் மறைநூலை எபிரேய மொழியிலேயே படிப்பார்கள். 11ஆம் நூற்றாண்டில் பிரான்சில் வாழ்ந்த ராஷி என்னும் அறிஞரின் உரையைத் துணைக்கு வைத்துக்கொண்டு, "இந்தச் சொல் இங்கே ஏன் வந்தது?" என்று வரிக்கு வரி கேட்பார்கள். சமயச் சட்டம், அறநெறி, வரலாறு, கற்பிக்கும் முறை ஆகியனவும் உண்டு. பல இடங்களில் மாணவியர் இருவர் இருவராக அமர்ந்து, உரக்கப் படித்து, ஒருவரோடு ஒருவர் வாதிட்டுக் கற்பர். அமைதியான நூலகத்துக்குப் பழகிய நாம் அங்கே சென்றால் சந்தை இரைச்சல் என்றே எண்ணுவோம்! சமையலறையில் பாலுக்கும் இறைச்சிக்கும் தனித்தனிப் பாத்திரங்கள். ஒழிந்த வேளையில் முதியோருக்குத் துணையிருப்பதும், பிள்ளைகள் நிறைந்த வீடுகளில் தாய்மாருக்கு உதவுவதும் கல்வியின் பகுதியே.

வெள்ளிக்கிழமை வந்தால் ஒரே பரபரப்பு. ஓய்வுநாளுக்குரிய சமையல் முன்னரே முடிய வேண்டும். சூரியன் மறைவதற்கு 18 நிமிடம் முன்பாக, எருசலேமில் 40 நிமிடம் முன்பாக, பெண்கள் விளக்கேற்றுவர். அதன்பின் மறுநாள் இருட்டும் வரை எழுதுவதில்லை, மின்விசையைத் தொடுவதில்லை, வண்டியில் ஏறுவதில்லை. வீட்டை விட்டு வந்த மாணவியரை அவ்வூர்க் குடும்பங்கள் விருந்துக்கு அழைத்து, தம் மக்களைப் போல உபசரிக்கும்.

எல்லாச் செமினரிகளும் ஒன்று போல் இல்லை. தால்முத் என்னும் பெரும் சட்டநூல் ஆண்களுக்கே உரியது என்று பேத் யாக்கோபு வழியினர் இன்றும் கருதுகின்றனர். வேறு சில இடங்களில் பெண்களும் அதைக் கற்கிறார்கள். நியூயார்க்கின் ஸ்டெர்ன் கல்லூரியில் 1977இல் ராபி சொலவேச்சிக் என்னும் பேரறிஞரே முதல் தால்முத் பாடத்தை நடத்தி வைத்தார்.

நம் நாட்டுக்கும் இதில் பங்குண்டு. கல்கத்தாவில் 1881இல் யூதப் பெண்கள் பள்ளி தொடங்கப்பட்டது. இன்று அங்கே படிப்போரில் பெரும்பாலோர் முஸ்லிம் சிறுமியர். கொச்சி யூதப் பெண்களோ, விவிலியக் கதைகளையும் திருமண வாழ்த்துகளையும் மலையாளப் பாடல்களாகக் கையேடுகளில் எழுதி வைத்து, தாயிடமிருந்து மகளுக்கு என வழங்கி வந்தனர். 1950களில் அவர்களில் மிகப் பலர் இஸ்ரயேல் நாட்டில் குடியேறியபோது அக்கையேடுகளும் உடன் சென்றன.

தோழியரே! சாரா செல்வரும் அல்லர். பட்டம் பெற்றவரும் அல்லர். கையில் ஊசியும் நெஞ்சில் ஒரு கேள்வியும் மட்டுமே அவருக்கு இருந்தன. பெண் கேள்வி கேட்பதால் விசுவாசம் குலைவதில்லை. அவளுக்குப் பதில் சொல்ல ஆள் இல்லாதபோதுதான் குலைகிறது என்பதை அவர் கண்டுகொண்டார். மறைக்கல்வி வகுப்பில் எழும் ஐயத்தை மனத்துக்குள் மறைக்காமல் எழுந்து நின்று கேட்போம். வீட்டில் தங்கையோ தம்பியோ ஏதேனும் கேட்டால், "போய்ப் படி!" என்று விரட்டாமல் அருகில் அமர்த்திச் சொல்லித் தருவோம். சாராவின் பள்ளியும் இப்படி ஓர் அறையில்தானே தொடங்கியது!