பதினெட்டு எலக்ட்ரான் கணக்கு

நிக்கல் வலிய உலோகம். அதனை உருக்குதற்கு 1,455 டிகிரி சென்டிகிரேடு உஷ்ணம் வேண்டும். ஆயினும், அதன் நுண்பொடியின்மீது கார்பன் மானாக்ஸைடு வாயுவை 50 டிகிரி அளவில் செலுத்துவோமாயின், உலோகம் வாயுவோடு கூடி ஆவியாய்ச் சென்றுவிடுகிறது. லுட்விக் மாண்டும் அவர்தம் துணைவரும் 1890-ஆம் ஆண்டில் இவ்வியப்பை வெளியிட்டனர். ஆவியைக் குளிர்வித்தால் நிறமற்ற திரவமாகும். அது கொடிய நஞ்சு. அதன் மூலக்கூறு ஒன்றில் நிக்கல் அணு ஒன்றும் கார்பன் மானாக்ஸைடு நான்கும் உள. மூன்றோ ஐந்தோ ஆகாமல் நான்காதல் எற்றுக்கு?

விடை ஒரு சிறு கூட்டற் கணக்கே. நிக்கலின் வெளிப்புறத்தே 10 எலக்ட்ரான்கள் உள. கார்பன் மானாக்ஸைடு ஒவ்வொன்றும் இரண்டு தருகிறது. ஆகத் தொகை 18. உலோக அணுவில் எலக்ட்ரான் உறையும் அறைகள் ஒன்பது என்றும், அறைக்கு இருவர் என்றும் கொள்வோமாயின், 18 என்பது வீடு நிறைந்த நிலையாதல் விளங்கும். லாங்மியூர் 1921-இல் இவ்விதியை எடுத்துரைத்தார். இரும்பிற்கு 8, ஆதலின் ஐந்து. குரோமியத்திற்கு 6, ஆதலின் ஆறு. கோபால்ட்டிற்கோ 9. இரண்டிரண்டாகக் கூட்டின் 18 ஒருபோதும் வாராது. எனவே நான்கு நான்கு துணைகளோடு இரு கோபால்ட் அணுக்கள் தம்முள் பிணைந்து, குறைந்த ஒன்றை ஒன்றற்கொன்று ஈடு செய்கின்றன. வனேடியம் ஆறு துணைகளோடு 17-இலேயே தனித்து நிற்பினும், ஓர் எலக்ட்ரானைக் கண்டால் விரைந்து பற்றிக்கொள்ளும்.

கணக்கு இத்துணை இனிதாய் வருதலால், மாணவர் சிலர் எல்லாச் சேர்க்கைகட்கும் இதனையே அளவுகோலாக்குவர். இது பெரும்பிழை. கோபால்ட் உப்பைக் கரைத்த இளஞ்சிவப்பு நீரைக் காண்க: இரண்டு எலக்ட்ரான் இழந்த கோபால்ட்டிற்கு 7, சூழ்ந்த ஆறு நீர் மூலக்கூறுகட்கு 12, ஆக 19! விதிப்படி நிலைக்கலாகாத இது நம் ஆய்வுக்கூடக் குப்பியில் அமைதியாய் இருக்கின்றது.

காரணம், துணைப்பொருளின் இயல்பு. கார்பன் மானாக்ஸைடு கொடுப்பதோடு நில்லாது, உலோகத்தின் எலக்ட்ரான்களைத் தன் வெற்றறையில் ஏற்றும் கொள்கிறது. அதனால் அதன் உட்பிணைப்புத் தளர்கிறது. தனி வாயுவில் 2,143 ஆன அதிர்வெண், நிக்கல் சேர்க்கையின் அகச்சிவப்பு நிறமாலையில் ஏறக்குறைய 2,060 ஆகக் குறைவதே இதற்குச் சான்று. இவ்விருவழிப் பிணைப்பில் 18-ஆம் எலக்ட்ரான் வரை வலுவூட்டும். 19-ஆவது பிணைப்பைக் குலைக்கும் உயர்ந்த அறைக்கே ஏறவேண்டும். நீரோ கொடுப்பதேயன்றிக் கொள்வதில்லை. அதன் பிணைப்பும் மெலிது. ஆங்கே மேலறைகள் அத்துணை உயரத்தில் இல்லாமையால், மிகுதியான எலக்ட்ரான் வந்து தங்கினும் பெருங்கேடு விளைவதில்லை.