36 வோல்ட் டிராக்டருக்கு ஒயரிங்

மோட்டார் காயில் கட்டியே பிழைத்தவன் நான். இப்போது நியூயார்க் மாநிலத்தில் மகள் வீட்டு ஷெட்டில் நிற்கும் பழைய எலெக்-ட்ராக் என் பொறுப்பில் இருக்கிறது. ஜெனரல் எலெக்ட்ரிக் 1969-இல் அறிமுகப்படுத்திய மின்சாரத் தோட்ட டிராக்டர் அது. 1973 எண்ணெய் நெருக்கடியும் அதைக் காப்பாற்றவில்லை; 1975-இல் நிறுவனம் கையைக் கழுவிவிட்டது.

6 வோல்ட் பேட்டரிகள் ஆறு, வரிசையாக இணைத்தால் 36 வோல்ட். புல்வெட்டி, பனிவாரி என்று எதை மாட்டினாலும் அததற்குத் தனி மோட்டார். பெரிய புல்வெட்டியில் பிளேடுக்கு ஒன்றாக மூன்று! என்ஜினிலிருந்து பெல்ட் போட்டு இழுக்கும் வேலையே கிடையாது. ஆகவே, மாட்டுவது என்றாலே ஒயரிங்தான்.

காசைக் கம்பியில் போடுங்கள். 60 ஆம்பியர் இழுக்கும் மோட்டாருக்குப் போகவரச் சேர்த்து 6 மீட்டர் கம்பி என்று வைத்துக்கொள்வோம். 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியில் 2.6 வோல்ட் காணாமல் போகும். 150 வாட்டுக்கு மேல் வெறும் சூடாகிவிடும், இன்சுலேஷன் உருகும். 10 சதுர மில்லிமீட்டர் போட்டால் இழப்பு முக்கால் வோல்ட்டைத் தாண்டாது. கம்பி முனையில் மாட்டும் லக்கைக் குறடால் நசுக்காமல் கிரிம்பிங் கருவியால் அழுத்துங்கள்.

ஃப்யூஸ் பேட்டரியின் பாசிட்டிவ் முனையை ஒட்டியே இருக்க வேண்டும். அது காப்பது கம்பியை, மோட்டாரை அல்ல. மோட்டார் பக்கம் மாட்டினால், நடுவில் கம்பி உரசி ஷார்ட் ஆகும்போது அது சும்மா வேடிக்கை பார்க்கும். வீட்டு லைட் ஸ்விட்சும் இங்கே உதவாது. ஏசி மின்சாரம் நொடிக்குப் பலமுறை பூஜ்யத்தைத் தொடுவதால் ஸ்விட்சில் எழும் பொறி தானாக அணையும். டிசியில் பொறி இழுத்துக்கொண்டே நின்று முனையைத் தின்றுவிடும். டிசிக்கென்றே செய்த கான்டாக்டர் வேண்டும்.

“புல்வெட்டியை இணைக்க வீட்டு பிளக்கே போதாதா மாமா?” என்றார் மாப்பிள்ளை. யாராவது அதைச் சுவரிலுள்ள 120 வோல்ட்டில் செருகிவிட்டால்? ஃபோர்க்லிஃப்ட் பேட்டரிக்குப் போடும் ஆண்டர்சன் பிளக்கையே மாட்டினேன். பிளக்கில் கம்பி கோக்கும்போது கவனம்: நிரந்தரக் காந்த மோட்டாரில் இரு கம்பியும் இடம் மாறினால் பிளேடு எதிர்ப்பக்கம் சுற்றும். சத்தம் வரும், புல் வெட்டாது.

விளக்குக்காக இரண்டு பேட்டரியிலிருந்து மட்டும் 12 வோல்ட் எடுப்பவர்கள் உண்டு. அந்த இரண்டும் சீக்கிரம் சாகும், மற்ற நான்கையும் கூடவே இழுத்துக்கொண்டு. ஆறிலிருந்தும் எடுக்கிற டிசி-டிசி கன்வெர்ட்டர் வாங்குங்கள்.

36 வோல்ட் ஷாக் அடிக்காது என்று அலட்சியமாக இருக்காதீர்கள். இரு முனைக்கும் குறுக்கே ஸ்பேனர் விழுந்தால் சிவக்கப் பழுக்கும். சார்ஜ் ஆகும்போது கிளம்பும் ஹைட்ரஜனுக்கு ஒரு பொறி போதும். மோதிரம், வாட்சைக் கழற்றிவிட்டு, பேட்டரி இணைப்பைப் பிரித்த பிறகே கை வையுங்கள்.