மொட்டை மாடிக்கு ஒரு விளக்கு

2023 டிசம்பர் 4. மிக்ஜாம் புயல் சென்னையில் கரையேறாமலே ஊரை மூழ்கடித்த நாள். மணலியில் எங்கள் தெருவில் இடுப்பளவுத் தண்ணீர். கீழ்வீடுகளில் இருந்த நாங்கள் பதினோரு பேர் மொட்டை மாடியின் படிக்கட்டு அறையில் ஒண்டியிருந்தோம். வருடக்கணக்காகச் சுவரில் சார்ஜ் ஏறிக்கொண்டே தொங்கிய எமர்ஜென்சி லைட்டை நம்பிக்கையோடு எடுத்துப் போயிருந்தேன். இருபது நிமிடம் எரிந்தது. அப்புறம் மங்கி, மங்கி, ஒரு புள்ளியாகி நின்றுபோனது.

"இன்னாக்கா, அவ்ளோதானா?" என்றான் எதிர்வீட்டுப் பையன்.

யாரோ மெழுகுவர்த்தியை எடுத்தார்கள். அப்போதுதான் கீழே தேங்கிய தண்ணீரிலிருந்து எண்ணெய் வாடை எழும்பி வந்தது. மணலி எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைக்கு ஒப்பந்த வேலைக்குப் போய்வரும் பெரியவர் ஒருவர் சட்டென்று கையை நீட்டித் தடுத்தார். "தீப்பெட்டிய உள்ள வைம்மா. இந்த வாசன எனக்குத் தெரியும்."

அந்த வாரம் பக்கிங்ஹாம் கால்வாயிலும் கொசஸ்தலை ஆற்றிலும் எண்ணூர் கழிமுகத்திலும் எண்ணெய் படர்ந்ததை நாடே பார்த்தது. படகும் வலையும் கூழைக்கடாவின் இறகும் கறுத்துப்போயின. எங்களுக்கு அந்த இரவு தெரிந்தது ஒன்றுதான்: மணலியில் வெள்ளம் வந்தால் நெருப்பு வைத்த விளக்கை நம்ப முடியாது.

சுற்றிலும் மின்சாரம் தயாராகிற ஊர் இது. அத்திப்பட்டு வடசென்னை அனல்மின் நிலையத்தின் முதல் நிலை 630 மெகாவாட், இரண்டாவது 1,200. வல்லூரில் 1,500. ஆனாலும் வெள்ளத்தில் முதலில் போவது கரண்ட்தான். தெருமுனை மின்பெட்டியில் தண்ணீர் ஏறினால் யாருக்கும் ஷாக் அடித்துவிடக் கூடாதென்று மின்வாரியமே இணைப்பை நிறுத்திவிடும், நிறுத்தவும் வேண்டும். மழை விட்டாலும் தண்ணீர் வடிந்தால்தான் திரும்ப வரும். புழல் உபரிநீர் வடபெரும்பாக்கம், மணலி, சடையங்குப்பம் வழியாகத்தான் எண்ணூர் பக்கம் போய்ச் சேர வேண்டும். மூன்று நாள், நான்கு நாள் ஆகும். 2016 டிசம்பர் 12 வர்தா புயலில் வெள்ளம் இல்லை, கம்பங்கள் சாய்ந்தன. அப்போதும் அதே இருட்டு.

எனவே விளக்கு வாங்கும்போது நான் இப்போது கேட்பது ஒரே கேள்வி: நாலாவது ராத்திரியும் எரியுமா?

கடைக்காரர் "ஆயிரம் லூமென்ஸ்" என்பார். அது பந்தலுக்கு வேண்டுமானால் பொருந்தும். ஒரு மெழுகுவர்த்தி தருவது சுமார் 12 லூமென். 50 லூமென் இருந்தால் தட்டில் சோறு தெரியும், மாத்திரை அட்டையில் எழுத்துத் தெரியும், படியில் கால் வைக்கத் தெரியும். நல்ல எல்இடி இதை அரை வாட்டில் தந்துவிடும். பெட்டியின் பின்பக்கத்தில் 4,000 எம்ஏஎச், 3.7 வோல்ட் என்று அச்சிட்டிருந்தால் அது ஏறக்குறைய 15 வாட்-மணி. சேதாரம் போக 12 என்று வையுங்கள். மூன்று வாட்டில் பளிச்சென்று எரியவிட்டால் நான்கு மணி நேரம், அரை வாட்டில் 24 மணி நேரம். மாலை ஆறிலிருந்து இரவு பத்து வரை என்றால் ஆறு ராத்திரி வரும். அதனால் வெளிச்சத்தை நன்றாகக் குறைக்கிற வசதி இல்லாத விளக்கை நான் கையில்கூட எடுப்பதில்லை.

தலையில் சின்ன சோலார் தகடு ஒட்டியவற்றைப் பார்த்து மயங்க வேண்டாம். அரை வாட் தகடு இந்த பேட்டரியை நிரப்ப, நாளுக்கு ஐந்து மணி நேரம் நல்ல வெயில் அடித்தாலும் ஆறேழு நாள் பிடிக்கும். புயல் மேகத்தில் அதுவும் கிடையாது. தனியாக வயர் போட்டு வைக்கிற ஐந்து வாட் தகடு என்றால் புயல் விலகிய முதல் வெயிலிலேயே உருப்படியாகச் சார்ஜ் ஏற்றிவிடும். செல்போன் சார்ஜரே விளக்குக்கும் பொருந்தவேண்டும். பவர் பேங்கிலிருந்து ஏற்றிக்கொள்ளலாம்.

என் பழைய எமர்ஜென்சி லைட்டைத் திறந்து பார்த்தேன். உள்ளே ஈய பேட்டரி. பக்கங்கள் உப்பி, முனையில் வெள்ளைப் பூஞ்சை போலப் படிந்திருந்தது. ஓயாமல் சார்ஜில் கிடந்தாலும் கெடும், காலியாகவே கிடந்தாலும் கெடும் சாதி அது. அதன்மேல் எனக்குக் கோபம் இல்லை. எட்டு வருடம் திரும்பிப் பார்க்காதவள் நான். செல் போடுகிற விளக்கு வைத்திருப்பவர்கள் செல்லைக் கழற்றித் தனியாக வைக்கவேண்டும். உள்ளேயே விட்டால் ஒழுகி ஸ்பிரிங்கை அரித்துவிடும்.

வீட்டுப் பரணில் அப்பாவின் பெட்ரோமாக்ஸும் இருக்கிறது. அதன் வெண்ணிற மேன்டிலில் இருந்தது தோரியம். நம் குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சி மணலில் கிடைக்கும் மோனசைட்டுக்கு ஒரு காலத்தில் அந்த மேன்டிலுக்காகவே ஜெர்மனிவரை கிராக்கி இருந்தது. கல்யாண ஊர்வலத்தில் அந்த 'உஸ்ஸ்' சத்தத்தோடு வந்த வெளிச்சத்தை நான் மறக்கமாட்டேன். ஆனால் காற்றடித்து, மண்ணெண்ணெய் நிரப்பி, மூடிய அறைக்குள் குழந்தைகளை வைத்துக்கொண்டு? அரிக்கேன் விளக்கும் அப்படித்தான்.

பெரியவர் இன்னொன்றும் சொன்னார். ஆலைக்குள் ஆவி சேரும் இடங்களில் சாதாரண டார்ச்சைக்கூட விடமாட்டார்களாம். பொறி வெளியே வராத தனி விளக்குதான். ஸ்விட்சுக்குள் விழும் பொறியே போதும் என்றார். அதனால் வாடை கடுமையாக இருக்கும் அறைக்குள் போய் விளக்கைப் போடக்கூடாது. வெளியிலேயே போட்டுக்கொண்டு, கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு, காற்றாடிய பிறகு நுழையவேண்டும். வாடை போகாவிட்டால் நுழையவே கூடாது.

புது விளக்கைக் கடையில் ஈரக் கையால் ஸ்விட்சை அழுத்திப் பார்த்து வாங்கினேன். அட்டையில் ஐபி 67 என்றிருந்தது; ஒரு மீட்டர் தண்ணீரில் அரைமணி தாங்கும். மஞ்சள் ஒளி, பூச்சி குறைவாக வரும். மேலே கொக்கி. கீழே பிளக் பாயின்டில் மாட்டாமல் மாடிப்படி அறையில், என் தலை உயரத்துக்கு ஓர் ஆணி அடித்து மாட்டியிருக்கிறேன். மாதம் ஒருமுறை எரித்து, திரும்ப ஏற்றி மாட்டுகிறேன்.

போன தை மாதம் எதிர்வீட்டுப் பையன் நண்பர்களோடு ஏலகிரியில் கூடாரம் போட்டுத் தங்கப் போனான். விளக்கை இரவல் கேட்டான். கொடுத்தேன். மூன்றாம் நாள் வந்தவன் என்னிடம் தரவில்லை. நேரே படியேறிப் போனான்.

"ரெண்டு ராத்திரி எரிஞ்சிச்சுக்கா, இன்னும் பாதி இருந்துச்சு. ஃபுல் பண்ணித்தான் மாட்டிருக்கேன்."